மயிலாப்பூர் ரோஸ் மில்க்கில் கலந்தது

சுந்தரவல்லி ஈக்காட்டுத்தாங்கல் உணவுப் பரிசோதனைக் கூடத்துக்குள் வந்தபோது, ஜெஃப்ரியின் கண் வரவேற்பு மேஜையில்தான் இருந்தது. ஷில்பா சிரித்துக்கொண்டிருந்தாள், சிரிக்க வைத்தவன் கூட வேலை பார்க்கும் ராம்குமார். ஜெஃப்ரிக்கு வயிறு எரிந்தது. போன திங்கட்கிழமை பாண்டி பஜார் செண்ட்டைக் கையெல்லாம் பூசிக்கொண்டு வந்தும், அவள் இவன் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க ரிப்போர்ட்டால மூணு நாளா கடை பூட்டிக் கெடக்கு," என்றார் சுந்தரவல்லி. மயிலாப்பூர் குளத்தருகே அவர் விற்கும் ரோஸ் மில்க்கில், பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் ரசாயனம் இருப்பதாக அறிக்கை. இன்று மாலைக்குள் அது தப்பென்று ஆகாவிட்டால் உரிமமே போய்விடும்.

கூடத்தின் தலைவி லூயிசா மேடம் எதற்கும் பதறுகிறவர் அல்ல. விசாரிக்க ஜெஃப்ரியைத் துணைக்கு அழைத்தார். ஆசாமிக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை கடைக்குப் போய் மாதிரி எடுத்து வந்தது அவன், சோதித்தது ராம்குமார். அப்புறம் என்ன, குற்றவாளி தயார்! ராம்குமார்தான் பிளாஸ்டிக் கையுறையோடு தொட்டுக் கெடுத்திருக்கிறான் என்று அடித்துச் சொன்னான்.

மதியம் மேடம் எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு ராம்குமார் அதே கையுறையோட, அதே மெஷின்ல வெறும் தண்ணியையும் தனியாச் சோதிச்சிருக்கான். அதுல ஒண்ணும் இல்ல. அப்போ அவன் கையும் மெஷினும் சுத்தம்."

"அப்ப கடைலதான் மேடம்," என்றான் ஜெஃப்ரி, விடாமல்.

"அன்னிக்கே கடையில அடைச்ச இன்னொரு பாட்டிலை சுந்தரவல்லியம்மா ஃபிரிட்ஜ்லேர்ந்து கொண்டுவந்தாங்க. இப்பதான் பார்த்தேன், அதுவும் சுத்தம். இன்னொண்ணு, அந்த ரசாயனத்துல பல வகை உண்டு. பிளாஸ்டிக் குழாய், கையுறைலேர்ந்து வர்றது வேற வகை. இது செண்ட்ல வாசனை நிக்கிறதுக்காகச் சேர்க்கிற வகை."

கடை ஆட்களில் செண்ட் பூசினவர்களைத் தான் பால் பக்கமே விடுவதில்லை என்றார் சுந்தரவல்லி. ரோஸ் எசன்ஸின் மணம் பிடிபடாதாம்.

மேடம் மெதுவாகத் திரும்பினார். "மாதிரி எடுக்கப் போறப்ப கையில எதுவும் பூசக் கூடாதுன்னு விதி இருக்கே ஜெஃப்ரி. அன்னிக்குச் செண்ட் மணத்தோட போய், பாட்டிலை நிரப்பி மூடினது உன் கைதானே?"

"ஆமா மேடம்." நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. அடுத்தவனை மாட்டிவிடப் பார்த்த வெட்கம் வேறு பிடுங்கித் தின்றது.

திருத்திய அறிக்கையை ஷில்பா டைப் செய்தாள். காரணத்தை அவளிடம் ஜெஃப்ரி தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாயிற்று. சுந்தரவல்லி அறிக்கையை வாங்கிக்கொண்டு நேரே ராம்குமாரிடம் போனார்.

"நீ அந்தத் தண்ணியச் சோதிக்காம விட்டிருந்தா என் கடை போயிருக்கும் தம்பி. நாளைக்குத் திறக்கிறேன், வந்து ரோஸ் மில்க் குடி. இந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா."

"வர்றோம்மா," என்றாள் ஷில்பா, ராம்குமார் வாய் திறப்பதற்குள்.