கீழ் ஓரம்

அன்று இரவு கிடங்கில் இருந்தவர்கள்: ஷிப்ட் தலைவர் சுங். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கூன். மீன் அடுக்கும் ஹெங், லியாங். அலுவலக அறையில் போ-ஹான்.

குளிர் அறைக்குள் போய் வந்தவர்கள் முதல் நான்கு பேர்தான். போ-ஹானுக்கு அங்கே வேலை கிடையாது. கதவு இயந்திரம் எழுதி வைக்கும் கோப்பை ஷிப்ட் முடியும்போது அச்செடுத்துக் கொடுப்பது அவன் வேலை. வெறும் எழுத்துக் கோப்பு. கட்டம், கோடு, அலங்காரம் எதுவும் இருக்காது. மேலிருந்து கீழே அறையின் குளிர் அளவு, வந்த மீன், போன மீன், கடைசியில் அன்று அட்டை தேய்த்து உள்ளே போனவர்களின் பெயர்கள், போன வரிசையில். ஷிப்ட் தலைவர் அந்தத் தாளோடு கதவு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராக வாசிப்பார். பெயருக்குரிய ஆள் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று தெரிந்த பிறகு கதவைப் பூட்டுவார்கள். உள்ளே மைனஸ் அறுபது. அடுக்கி வைத்திருக்கும் சூரை மீன் ஒவ்வொன்றும் ஒரு புது மோட்டார் சைக்கிள் விலை போகும் என்பதால் பூட்டு வெளிப்பக்கம் இருந்தது.

நான்கு பெயர் என்றால் எல்லாம் ஒரே தாளில் அடங்கிவிடும். அன்று இரண்டு தாள் வந்தது.

முதல் தாள் வழக்கம்போல் சூடாக, மையின் கருகிய வாசத்தோடு வந்து விழுந்தது. இயந்திரம் ஓய்ந்தது. போ-ஹான் கையை நீட்டியபோது உருளைகள் மறுபடி சுழன்றன. எதையோ பல்லில் கடித்து இழுப்பதுபோல் மெதுவாக இன்னொரு தாளை வெளியே தள்ளின. அதை எடுத்தான். விரல் நுனி சுரீரென்றது. இப்போதுதான் இயந்திரத்துக்குள் வெந்து வந்த காகிதம், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது. முழு வெள்ளை. மேலே ஒரே ஒரு வரி.

தெங்.

தெங் செத்தது மார்ச் மாதம். இப்போது சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதம், பசித்த ஆவிகளுக்குப் படையல் போடும் மாதம். காவ்சியுங் துறைமுகம் முழுக்க வாசலுக்கு வாசல் மேசை போட்டுப் பழமும் பன்றிக்கறியும் வைத்திருந்தார்கள். எரித்த காகிதக் காசின் புகை, டீசல் வாசத்தோடும் மீன் கவிச்சியோடும் கலந்து ஜன்னல் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

பிரிண்டரின் தலையில் ஒரு பச்சைத் தின்பண்டப் பொட்டலம் இருந்தது. எல்லா இயந்திரங்களின் மீதும் ஒன்று வைத்திருப்பார்கள், சொன்ன பேச்சைக் கேட்க. அந்தப் பொட்டலத்தின் மேல் வெள்ளையாக எதுவோ படிந்திருந்தது. தூசி என்று நினைத்துத் தடவினான். கை ஈரமானது.

கூன் தலையை நீட்டினான். "என்னடா, தாளைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க? காதல் கடிதமா?"

"ரெண்டு தாள் வருது."

"பொட்டலத்துல தேதி பாத்தியா? போன மாசமே முடிஞ்சிருக்கும். அதான் மெஷினுக்குக் கோவம். புதுசு வாங்கி வைடா கஞ்சப் பயலே."

போ-ஹான் இரண்டாம் தாளைக் கசக்கிப் பாக்கெட்டில் திணித்தான். கூன் சிரித்துக்கொண்டே போனான். திணித்த இடத்தில் தொடை மரத்தது.

மேசையில் தொலைபேசி அடித்தது.

"போ-ஹானா? நான்தான்பா, ஷுய்." சுங்குக்கு முன்னால் ஷிப்ட் தலைவராக இருந்தவர்.

"சொல்லுங்க மாமா."

"நாளைக்குக் கோர்ட்டு. தூக்கம் வரல. அதான்." பின்னால் டிவி சத்தம். பெரியவர் மூச்சு வாங்கினார். "ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நீ தாளைக் கையில குடுத்தப்ப ரெண்டு தாளாவா குடுத்த?"

போ-ஹானின் கை பாக்கெட்டில் கசங்கிக் கிடந்த தாளைத் தொட்டது.

"என் நெனப்புல ஒரு தாள்தான். ஆனா போலீசு காட்டினப்ப ரெண்டு இருந்துச்சு, பின்னு குத்தி. ரெண்டாவதுல தெங் பேரு. நான்தான் புரட்டாம விட்டுட்டேன் போலிருக்கு. கண்ணும் போச்சு, புத்தியும் போச்சு. வக்கீல் ஒத்துக்கச் சொல்றான்."

"எனக்கு... ஞாபகம் இல்ல மாமா."

"சரிப்பா. சாப்பிட்டியா?"

"ம்."

"நல்லா சாப்பிடு" என்று சொல்லிவிட்டு ஷுய் வைத்துவிட்டார்.

அவர் சொன்ன நினைப்புதான் சரி. ஒரே தாள்.

தெங் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவன். நாற்பது தாண்டியவன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவனோடு சேர்த்து உள்ளே போகிறவர்கள் ஐந்து பேரானார்கள். ஐந்தாவது பெயர் பக்கத்தில் இடமில்லாமல் அடுத்த தாளுக்கு இறங்கியது. மேலாளர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டிக் கத்தினார்: "ஒரு ஆளு பேருக்கு ஒரு முழுத் தாளா? காகிதம் என்ன உங்கப்பன் தோட்டத்துல காய்க்குதா?" எழுத்தைச் சின்னதாக்கியிருக்கலாம். ஷுய் மாமாவுக்குச் சின்ன எழுத்து தெரியாது. எழுத்துருவை மாற்றினால் குளிர் அளவும் மீன் எடையும் வரிசை கலைந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதனால் போ-ஹான் பேஜ் செட்டப்பைத் திறந்து கீழ் ஓரத்தைப் பூஜ்யமாக்கினான். திரையில் ஐந்து பெயரும் ஒரே பக்கத்தில் அழகாக உட்கார்ந்தன. தாளை அவன் பார்க்கவில்லை. தாளின் கடைசி விரற்கடை அகலத்தில் எந்தப் பிரிண்டரும் மை வைக்காது. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகும் அவசரம்.

அன்றிரவு ஷுய் நான்கு பெயர் வாசித்தார். நான்கு பேர் குரல் கொடுத்தார்கள். பூட்டினார்.

காலையில் கதவைத் திறந்தபோது தெங் உள்ளே கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உள்பக்கக் கைப்பிடியை ஐஸ் மூடியிருந்தது. அவன் வலது கை முஷ்டி கதவில் ஒட்டியிருந்தது. பிரித்தெடுக்க வெந்நீர் ஊற்ற வேண்டியிருந்தது.

போலீஸ் வருவதற்குள் போ-ஹான் பழைய தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டான். ஓரத்தைப் பழையபடி வைத்தான். புதிதாக அச்செடுத்தான். இரண்டு தாள். பின் குத்தி ஷுய்யின் மேசையில் வைத்தான். எல்லாம் ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இப்போது அவன் கோப்பைத் திரையில் திறந்தான். நான்கு பெயர்கள். கீழே ஒன்றும் இல்லை. கடைசியில் வெற்று வரி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. அச்சு கொடுத்தான். சூடான ஒரு தாள். குளிர்ந்த ஒரு தாள். தெங்.

எழுத்தின் அளவைக் குறைத்தான். முதல் தாளில் பாதிப் பக்கம் காலியாகக் கிடந்தது. ஆனாலும் இரண்டாம் தாள் வந்தது. வேறு எழுத்துரு போட்டான். எண்கள் கலைந்தன, பெயர்கள் கோணலாயின. இரண்டாம் தாளில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. அதே எழுத்து, அதே தடிமன். எழுத்தைப் பழையபடி மாற்றி, பிரிண்டரை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, மறுபடி செருகினான். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். கருப்பு உருளை, சூடு, மைத்தூள். மூடினான். அச்சு கொடுத்தான். ஒன்று. பிறகு அந்த மெதுவான இழுப்பு.

இந்தமுறை பெயர் தாளின் உச்சியில் இல்லை. நடுவுக்கு இறங்கியிருந்தது. அடுத்த முறை இன்னும் கீழே. அவனை நோக்கி வருவதுபோல.

அறைக்கு வெளியே சுங்கின் செருப்புச் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தாளைக் கேட்பார். இரண்டாம் தாளைப் பார்ப்பார். தெங் பெயர் ஏன் வருகிறது என்று கேட்பார். பேஜ் செட்டப்பைத் தோண்டுவார்கள். நாளைக்குக் கோர்ட்டு.

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. போ-ஹானின் விரல் அங்கே போக மறுத்தது. பிறகு போனது.

கீழ் ஓரம். பூஜ்யம்.

ஒரு தாள் வந்தது. சூடாக. நான்கு பெயர், கீழே கொஞ்சம் வெள்ளை. அவன் காத்திருந்தான். உருளைகள் அசையவில்லை. பொட்டலத்தின் மேலிருந்த வெள்ளை உருகி ஒரு சொட்டு இறங்கியது.

பை எடுத்துக்கொண்டு எழுந்தான். சுங் வாசலில் நின்று இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வயிறு சரியில்ல. நான் கிளம்பறேன். பூட்டறப்ப கோப்பைத் திறந்து பிரிண்ட் அமுக்குங்க, வந்துரும்."

"நீ போ. இவனுங்க டிரெஸ்ஸை அவுக்கவே அரை மணி நேரம் ஆவுது, பொண்ணுங்க மாதிரி."

உடை மாற்றும் அறையில் நான்கு பேரின் சிரிப்பு கேட்டது. மூன்று பேராக இருக்க வேண்டும். சுங் இங்கே நிற்கிறாரே. எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு நடந்தான்.

வெளிவாசலுக்குப் போகும் வழி குளிர் அறையைக் கடந்து போனது. கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அதன் அடியிலிருந்து வெள்ளை ஆவி தரையில் ஊர்ந்து வந்து அவன் கணுக்காலைத் தொட்டது. மேலே காற்றாடிகளின் முனகல். எங்கோ படகு ஒன்றின் சங்கு. அப்போதுதான் அது கேட்டது.

டொக். டொக். டொக்.

உள்ளேயிருந்து.

நின்றான். குழாய் சுருங்கும் சத்தம் என்று நினைத்தான். மறுபடி கேட்டது. கீழே, உட்கார்ந்திருக்கும் ஒருவனின் தோள் உயரத்தில்.

ஓடிப் போய்விடலாம். வாசலில் அவன் ஸ்கூட்டர் நின்றது. ஆனால் உடை மாற்றும் அறையில் இருந்தது யார் யார் என்று அவன் கண்ணால் பார்க்கவில்லை. லியாங் உள்ளே மாட்டியிருந்தால்? இன்னொரு முறை? இன்னொரு காலை, இன்னொரு முஷ்டி, இன்னொரு கெட்டில் வெந்நீர்?

அந்த ஒரு நினைப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். அட்டையைத் தேய்த்தான். இயந்திரம் கீச்சென்றது. அவன் பெயரை எழுதிக்கொண்டது.

கதவு திறந்து, அவன் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

"லியாங்?"

மூக்குக்குள் மயிர் முறுகி நொறுங்கியது. அங்கே வாசமே இல்லை; அந்தக் குளிரில் மீன்கூட நாறாது. வாலறுத்த சூரைகள் வெள்ளை பூத்துக் கட்டைகளாக உச்சிவரை அடுக்கியிருந்தன. விளக்கு ஒன்று விட்டு ஒன்று எரிந்தது. கடைசி அடுக்குவரை போனான். யாரும் இல்லை.

டொக். டொக். டொக்.

இப்போது சத்தம் கதவிலிருந்து வந்தது. அவன் வந்த கதவிலிருந்து.

திரும்பி ஓடினான். கதவருகே யாரும் இல்லை. கைப்பிடியைப் பிடித்தான். உறையாமல் இருக்கச் சூடேற்றும் புதுக் கைப்பிடி, தெங் செத்த பிறகு மாட்டியது. அதன்மேல் ஐஸ். விரல்தடிமன் ஐஸ். இழுத்தான். அசையவில்லை. கை ஒட்டிக்கொண்டது.

வெளியே பேச்சு கேட்டது.

"ஒரே தாள்தானே?"

"ஒண்ணுதாண்ணே. வாசிங்க, பசிக்குது."

கத்தினான். குளிர்ந்த காற்று தொண்டையை அறுத்தது. வெறும் மூச்சுதான் வந்தது.

அப்போது உறைத்தது. போன வரிசையில் பெயர்கள். கடைசியாகப் போனவன் கடைசியில். ஐந்தாவது வரி.

கீழ் ஓரம். பூஜ்யம்.

"சுங். அது நான்தான், இருக்கேன்." சிரிப்பு. "கூன்."

"இருக்கேன்."

"ஹெங்."

"இருக்கேன்."

ஒட்டாத கையால் கதவைக் குத்தினான். டொக். டொக். டொக். வெளியே யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

"லியாங்."

"இருக்கேண்ணே, இருக்கேன்."

"அவ்ளோதான். போ-ஹான் போயிட்டானா?"

"அப்பவே போயிட்டான்."

தாள் மடிக்கும் சத்தம். விளக்கு அணைந்தது.

இருட்டில், அவனுக்கு வெகு அருகே, உட்கார்ந்திருப்பவனின் உயரத்திலிருந்து, ஐஸ் விரிசல் விடும் குரலில் ஒருவன் பதில் சொன்னான்.

"இருக்கேன்."

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. சாவி திரும்பியது.