செவிலிமேட்டுக் கிணறும் இரண்டு பாட்டில்களும்

மேரி அழவில்லை. அழுது தீர்த்தவள் போலவும் இல்லை. சஸ்பெண்ட் கடிதத்தை, தனக்குப் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் திருஞானசம்பந்தத்தின் மேசையில் வைத்துவிட்டு, யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னாள்.

"செவிலிமேட்டுக் கிணத்துத் தண்ணி குடிக்கலாம்னு எங்க தண்ணி டெஸ்ட் லேப்ல ரிப்போர்ட் குடுத்தேன் சார். மூணாம் நாள் ஒரு புள்ள வாந்திபேதியில போயிடுச்சு. மறுபடி எடுத்துப் பார்த்தா தண்ணி பூராவும் கிருமி. கிணத்தை மூடிட்டாங்க. நான் டெஸ்ட் பண்ணாமலே எழுதிட்டேன்றாங்க. நாளைக்குள்ள விளக்கம் குடுக்கணும், இல்லன்னா வேல போயிடும்."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவள் கொண்டுவந்த இரண்டு ரிப்போர்ட்டுகளையும் பேராசிரியர் அருகருகே வைத்துப் படித்தார்.

"கொழாத் தண்ணிய மாத்தி ஊத்திட்டானுங்க சார்!" என்றார் அவளை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் காசிநாதன். துப்பறிவது என்றால் அவருக்குச் சோறு வேண்டாம்.

"இல்லை. உப்பும் ஃப்ளோரைடும் இரண்டிலும் ஒன்றே. அதே கிணறுதான்."

"அப்ப பிளீச்சிங் பவுடர்!"

"அது கிருமியைக் கொல்லும், சுண்ணாம்பைக் குறைக்காது. முதல் ரிப்போர்ட்டில் சுண்ணாம்பு பாதிதான் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு பாத்திரத்தில் படிந்துவிடும், கிருமியும் சாகும். மேரி, கிணற்றில் மொண்டது யார்?"

மேரி தலைகுனிந்தாள். "வெயில் தாங்கல சார். ரெண்டு பாட்டிலையும் வடிவுன்னு ஒரு அம்மாகிட்ட குடுத்துட்டு, சாயந்திரம் போய் வாங்கிக்கினேன்."

ஆட்டோவில் போனார்கள். வடிவு வீட்டுச் சுவரில் ஒரு சிறுவனின் படத்துக்குப் புதிதாக மாலை போட்டிருந்தது. இறந்த பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளை என்று மேரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பாட்டில்ல தண்ணி எப்படிம்மா ஊத்தினீங்க?" என்று பேராசிரியர் மெல்லக் கேட்டார்.

வடிவின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "ஆபீசுக்குப் போற தண்ணியாச்சே சார். அழுக்கா குடுத்தா நம்ம தெருவை என்னா நெனப்பாங்க? வடிகட்டி, நல்லா காய்ச்சி, ஆற வெச்சு ஊத்தினேன்."

காசிநாதன் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"தனுஷுக்கும் காய்ச்சித்தான் குடுத்துக்கினு இருந்தேன். தண்ணி நல்லாயிருக்குதுன்னு சீட்டு வந்துது. அதோட நிறுத்திட்டேன்." வடிவு நிமிர்ந்தாள். "ஏன் சார், காய்ச்சினது தப்பா?"

பேராசிரியர் வாய் திறக்குமுன் மேரி முந்திக்கொண்டாள். "இல்லம்மா. நீங்க நல்லதுதான் பண்ணீங்க."

வெளியே வந்ததும் காசிநாதன் பொறுக்காமல், "அந்தம்மாகிட்ட எழுதி வாங்கினா உன் வேல தப்பிச்சிடும்மா!" என்றார்.

மேரி ஆட்டோ சீட்டில் காகிதத்தை வைத்து எழுதினாள்: 'தண்ணீரை நானே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.'

"அந்தம்மா பேரு எழுதலியே?"

"காய்ச்சினதுதான் காரணம்னு அவங்களுக்குத் தெரியவே வேணாம்பா," என்றாள் மேரி.

பேராசிரியர் காகிதத்தை வாங்கிப் படித்தார். ஒரு சொல்லையும் மாற்றாமல் திருப்பிக் கொடுத்தார்.