முன் சீட்டு விருந்தாளி

ஓமானின் சலாலாவில் கரீஃப் என்கிற மழை மாதங்கள் வந்துவிட்டால் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. மலையிலிருந்து இறங்கும் மூடுபனி ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தூறுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு காலையில் முசல்லம் தன்னுடைய பெரிய நாலு சக்கர டிரைவ் வண்டியை ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இது மூன்றாவது தடவை. புகாரும் அதேதான்.

மனைவி நுவைரை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் விட்டுவிட்டு வந்திருந்தார். வாரத்தில் மூன்று நாள் இதே பிழைப்பு. விடியுமுன் எழுந்து ஒட்டகங்களுக்குத் தீனி வைக்க வேண்டும், மலையிலிருந்து அவளைப் பத்திரமாகக் கீழே கொண்டுவர வேண்டும், சாயங்காலத்துக்குள் திரும்ப ஏற்ற வேண்டும். மகன் ஆமிர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். போனில் கவலைப்படுவான், அவ்வளவுதான். முசல்லத்துக்கு உடம்பெல்லாம் அடித்துப் போட்டாற்போல் இருந்தது. அவள் ஒருத்தி இருக்கிறாளே என்றுதான் தினமும் எழுந்துகொண்டிருந்தார்.

மெக்கானிக் ஷாதாத்தைச் சுற்றி நாலைந்து வண்டிக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கண்ணாடி வேர்க்குதுப்பா, துடைக்கத் துடைக்க வேர்க்குது."

"வெளிப்பக்கமா, உள்பக்கமா?"

"வெளிப்பக்கம்."

"ஏசியை இப்படி வெச்சு உறைய விட்டா வெளியில வேர்க்காம என்ன செய்யும்? வைப்பரைப் போடுங்க. உள்பக்கம் வேர்த்தா அது நீங்க விடற மூச்சு. அதுக்கு என்கிட்ட வைத்தியம் இல்லை."

"எனக்கு லோ கியர் விழவே மாட்டேங்குது."

"ஓட்டிக்கிட்டே திருகினா எப்படிங்க விழும்? நிறுத்தணும், நியூட்ரலுக்கு வரணும், அப்புறம் திருகணும். விளக்கு மினுக்கும், பொறுமையா இருக்கணும்." அவன் நிமிர்ந்து பார்த்தான். "வாங்க சித்தப்பா. இன்னுமா கத்துது?"

"கத்துது" என்றார் முசல்லம்.

ஓட்டுநருக்குப் பக்கத்து சீட். யாரும் உட்காராமலே பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்கிறது. மூன்று வாரமாக இதே தொல்லை.

"சீட்டு மேல தண்ணி கேன், பேரீச்சம்பழ டப்பா ஏதாவது வெச்சிருப்பீங்க."

"ஒண்ணும் வெக்கலைப்பா. உன் பேச்சைக் கேட்டு சும்மாவே பெல்ட்டை மாட்டி வெச்சேன். பாதி வழியில தானா கழண்டுக்குது."

ஷாதாத் சிரித்தான். மாட்டி, பலமாக இழுத்துப் பார்த்தான். கழலவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த எடை பார்க்கும் தகட்டைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டான். பிறகு தானே ஏறி உட்கார்ந்து காட்டினான். கீ... கீ... என்று கத்தியது. எழுந்தான். அடங்கியது.

"பாத்தீங்கல்ல? ஆள் இருந்தா கத்தும், இல்லைன்னா கத்தாது. இதுக்கு வேற எதுவும் தெரியாது சித்தப்பா."

"வயரை வெட்டி விட்டுடேன், புண்ணியமாப் போகும்."

"வேண்டாம். நாளைக்கு உங்க வீட்டம்மா அதுல உட்காரும்போது ஒண்ணு ஆச்சுன்னா காத்துப்பை விரியாது. யாரு பதில் சொல்றது?"

அதற்குமேல் வாதாட முசல்லத்துக்குத் தெம்பில்லை.

*

மதியத்துக்குமேல் நுவைரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ஏற்றினார். அவள் பின் சீட்டில்தான் ஏறினாள். மூன்று வாரமாக முன் சீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். ஏனென்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். அவள் படியில் கால் வைத்ததும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. ஊசி குத்தி வீங்கிய இடது கையோடு பெல்ட்டை மாட்ட அவளுக்கு நேரமாகும். அதுவரை பின் சீட்டு மணி மெதுவாக அடித்துக்கொண்டிருக்கும். டுங் டுங். டுங் டுங். அந்தச் சத்தம் முசல்லத்துக்குப் பழகிப்போனது. அவள் வந்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம்.

"ஒரு மடக்கு தண்ணி குடு, அபூ ஆமிர்." மகன் பெயரை வைத்து ஆமிரின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்; அவருக்கு அவள் உம் ஆமிர், ஆமிரின் அம்மா.

"டாக்டர் அளந்து குடுத்ததைக் குடிச்சாச்சுல்ல?"

"ஒரே ஒரு மடக்கு. நீ என்ன, கிணத்தையா தூக்கிக் குடுக்கப்போறே?"

கொடுத்தார். ஒவ்வொரு முறையும் இந்தச் சண்டை உண்டு; ஒவ்வொரு முறையும் கொடுப்பார்.

மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் பனி வண்டியைச் சூழ்ந்துகொண்டது. விளக்கைப் போட்டும் முன்னால் போகும் வண்டியின் சிவப்புப் புள்ளி மட்டும்தான் தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது. ஈரப்புல் வாசனை, ஒட்டகச் சாண வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று. புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை.

கீ... கீ... கீ...

"யா ரப்! இன்னைக்குத்தானே புதுசு போட்டான்!" முசல்லம் ஸ்டியரிங்கை அறைந்தார்.

"அவனைத் திட்டாதே" என்றாள் நுவைர் மெல்ல. "பக்கத்துக் கண்ணாடியைப் பாரு."

முன் சீட்டுப் பக்கத்து ஜன்னல். மற்றக் கண்ணாடிகளெல்லாம் வெளியே வேர்த்திருந்தன. அதில் மட்டும் உள்பக்கம், ஒரு ஆளின் வாய் உயரத்தில், கையகலத்துக்கு ஆவி படிந்திருந்தது.

அது சுருங்கியது.

மறுபடி விரிந்தது.

"மூணு வாரமா பின்னாலேருந்து இதைத்தான் பாத்துக்கிட்டு வரேன்" என்றாள். "உனக்கு இருக்கிற அலுப்புல இதையும் எதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டேன். யாரைக் கூப்பிட்டே நீ?"

மூன்று வாரத்துக்கு முன் அவளை ஆஸ்பத்திரியில் தங்க வைத்த அன்று முசல்லம் தனியாகத்தான் திரும்பினார். இதே பனி. கண் சொக்கியது. கல்லறைக்குப் பிரிகிற வளைவில் யாரோ கை நீட்டி நின்றார்கள். மலையில் கை நீட்டியவனை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது. நிறுத்தி, எட்டிக் கதவைத் திறந்து, "மர்ஹபா, ஏறு, உன் வண்டி மாதிரி நினைச்சுக்கோ" என்றார். யாரும் ஏறவில்லை. பனிக்குள் ஆளும் இல்லை. மரமாயிருக்கும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார்.

சொன்னார். நுவைர் முன்னால் சாய்ந்தாள்.

"விருந்தாளியை மூணு நாளைக்கு எதுவும் கேக்கக் கூடாது, சரி. மூணு வாரமாச்சே மனுஷா. எங்க போகணும்னு கேளு."

"பைத்தியமா உனக்கு?"

"அவர் நம்ம வீட்டுக்கே வந்துடலாம்னு நினைக்கிறதுக்கு முன்னாடி கேளு. எனக்கு இருக்கிற உயிரை வெச்சுக்கிட்டு என்னால இன்னொரு ஆளைச் சுமக்க முடியாது."

முசல்லம் காலி சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"விருந்தாளி... எங்க இறங்கணும்?"

மணி நின்றது.

வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. கல்லறை வளைவு வந்ததும், பஸ்ஸில் இறங்குகிறவன் மணியை இழுப்பதுபோல் ஒரே ஒரு தரம் அடித்தது.

கீ.

முசல்லம் வண்டியை ரோட்டிலிருந்து இறக்கினார். சேறு வழுக்கியது. நிறுத்தி, நியூட்ரலுக்கு வந்து, லோ கியரைத் திருகினார். விளக்கு மினுக்கியது, மினுக்கிக்கொண்டே இருந்தது, பிறகு நிலைத்தது. சரிவில் வண்டி தவழ்ந்து இறங்கி, பெயரில்லாத கற்கள் நட்டுவைத்திருந்த இடத்தில் நின்றது. எட்டி முன்கதவைத் திறந்துவிட்டார். ஈரக்காற்று உள்ளே வந்தது. மண் வாசனை போய்விட்டது போலிருந்தது.

"போயாச்சு" என்றார்.

"இப்படியா அனுப்புவாங்க? இறங்கி நாலடி கூட நடந்து வழியனுப்பணும். மனசு கோணிடுச்சுன்னா மறுபடி வருவார்."

"முடியலை உம் ஆமிர். முட்டி போச்சு. ராத்திரி கண்ணை மூடலை. என்னால ஒரு அடி எடுத்து வைக்க முடியாது."

"சரி சரி. நான் போயிட்டு வரேன். நீ உட்காரு ராஜா மாதிரி."

கையிலே ஊசி குத்தின காயத்தோடு, ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்த களைப்போடு அவள் இறங்கினாள். அவளை அனுப்பியிருக்கக் கூடாது. அது அவருக்கு அப்போதே தெரியும். ஆனாலும் அனுப்பினார். மஞ்சள் முக்காடு பனிக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தார். ஒரு நிமிஷம்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

கதவு சாத்துகிற சத்தத்தில் விழித்தார். நுவைர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"போலாம்" என்றாள்.

*

அப்பாடா, எத்தனை நாளாயிற்று இப்படி அவள் பக்கத்தில் உட்கார்ந்து! வண்டி சேற்றிலிருந்து ரோட்டுக்கு ஏறியது. மணி இல்லை, கத்தல் இல்லை. முசல்லத்துக்கு அழுகையே வரும்போல இருந்தது.

"அந்தச் சத்தம் இல்லாம வண்டி எவ்வளவு நல்லா இருக்கு பாரு" என்றார். "இனிமே இங்கேயே உட்காரு. பின்னால ஓடி ஒளியாதே."

"ம்."

"களைப்பா இருக்கா?"

"இல்லை."

பனிக்குள்ளிருந்து திடீரென்று ஒரு ஒட்டகம் ரோட்டில் முளைத்தது. பிரேக்கை மிதித்தார். எப்போதும்போல் வலது கை தானாக நீண்டு அவளை மறித்தது. ஒட்டகம் சாவதானமாகக் கடந்துபோனது.

"பெல்ட் போடலையா நீ?"

பெல்ட் கதவுத் தூணோரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொட்ட மாதிரி தெரியவில்லை.

பெல்ட் போடவில்லை. மணியும் அடிக்கவில்லை.

முசல்லத்தின் கண் விளக்குப் பலகைக்குப் போனது. பெல்ட் விளக்கின் சிவப்பும் இல்லை. முன்பு ஆள் தெரியாது, மணி அடிக்கும். இப்போது ஆள் தெரிகிறது.

"கொஞ்சம் எழுந்து சரியா உட்காரேன்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

எழுந்து உட்கார்ந்தாள். சீட்டு அமுங்கவில்லை.

அவர் ஷாதாத்துக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க சித்தப்பா. திரும்பக் கத்துதா?"

"கத்தலை." குரலை அடக்கினார். "ஆள் உட்கார்ந்திருந்தும் கத்தலைன்னா, அது என்ன கோளாறு?"

"அப்படி ஒரு கோளாறே இல்லையே. புதுசு, நான்தானே போட்டேன்? கத்தலைன்னா சீட்டுல யாரும் இல்லைன்னு அர்த்தம்."

லைன் கொரகொரத்து அறுந்தது.

அவள் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் ஒரு மடக்கு தண்ணீர் கேட்கவில்லை.

முசல்லம் வண்டியைத் திருப்பினார்.

"எங்க போறே?"

ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வளைவு வளைவாக இறங்கினார். மண் வாசனை மூக்கை அடைத்தது. பக்கத்திலிருந்து ஒரு குளிர் அவர் முழங்கை வரை வந்து தொட்டுக்கொண்டிருந்தது. கல்லறை வளைவு நெருங்கியது.

ரோட்டோரத்தில் யாரோ கை நீட்டி நின்றிருந்தார்கள்.

மஞ்சள் முக்காடு.

"நிறுத்தாதே" என்றது பக்கத்துக் குரல். நுவைரின் குரல்தான். "ஒரு தரம் நிறுத்திப் பட்டது போதாதா உனக்கு? அது நானில்லை. போயிடு."

அவர் உடம்பு முழுக்கப் போ போ என்றது. யாரை நம்புவது? ரெண்டு முகமும் அவள் முகம், பக்கத்தில் பேசுகிற குரலும் அவள் குரல். கால் மட்டும் பிரேக்கில் போய் விழுந்தது. மலையில் கை நீட்டியவர்களை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை.

"ஏறு" என்றார்.

பின்கதவு திறந்தது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

டுங் டுங். டுங் டுங்.

முசல்லம் ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். மூன்று வாரமாக மணி என்றாலே திட்டிக்கொண்டிருந்தவருக்கு, இப்போது இந்த மணியை நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"நல்லா இருக்கு உன் நியாயம்!" பின்னாலிருந்து மூச்சிரைத்தது. "திரும்பிப் பாக்கிறேன், நீ பாட்டுக்கு வண்டியைக் கிளப்பிக்கிட்டுப் போறே. பையும் போனும் வண்டியிலே. அந்தச் சேத்துல ஏறி வர எனக்கு உயிர் போயிடுச்சு. தண்ணி குடு முதல்ல. ஒரு மடக்கு."

திரும்பாமலே பாட்டிலைப் பின்னுக்கு நீட்டினார். விரல்கள் வாங்கிக்கொண்டன. சூடான விரல்கள்.

"நுவைர்" என்றார் மெல்ல. "அவரை வழியனுப்பினியா?"

"யாரை? அங்க யாருமே இறங்கலையே. கல்லுங்களுக்கு நடுவுல நான் மட்டும்தான் நின்னேன்."

டுங் டுங் அடங்கியது. அவள் பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

முசல்லம் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வண்டியைக் கியரில் போட்டார்.

பக்கத்துச் சீட்டில், தூணோரத்திலிருந்து பெல்ட் மெதுவாக இழுபடும் சத்தம் கேட்டது.

கிளிக்.