வெள்ளைப் பசை

ஊரில் கரண்ட் இல்லாத காலம்; ஜெனறேற்றரும் மூன்று நாளாக ஓடவில்லை. ஆனாலும் கொம்பியூட்டர்ப் பெட்டி சூடாக இருந்தது.

தூசு தட்டப்போன அருமைநாயகி வைத்த கையை எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். காய்ச்சல்காரரின் வயிற்றில் கை வைத்தால் வருமே, அப்படி ஒரு ஈரச் சூடு. வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பகல் இரண்டு மணிக்கே அறை மங்கி, ஓட்டு இடுக்கால் இறங்கிய தண்ணீர் மூலையில் வைத்த சட்டியில் ஒவ்வொரு சொட்டாக விழுந்து, வீட்டிலுள்ள சாமான் சக்கட்டு எல்லாம் குளிர்ந்து ஈரம் கோத்துப் போயிருக்க, இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் ஏன் உடம்பு சுடவேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை. குனிந்து பார்த்தபோது மணமும் வந்தது. வேப்பெண்ணெய், பழஞ்சீலை, அவற்றுக்கு அடியில் இனிப்பாக ஏதோ ஒன்று. அந்த மணத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏழு மாதம் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதோடுதான் சீவித்தாள்.

கணவனின் தாய் சின்னாச்சி இந்த அறையில்தான் கிடந்தார். கட்டில் கிடந்த இடத்தில்தான் இப்போது கொம்பியூட்டர் மேசை. அருமைநாயகி பொல்லாதவள் இல்லை; மாமியைக் கழுவினாள், துடைத்தாள், படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்தாள். ஆனால் அருவருப்பு அவளோடு கூடப் பிறந்தது. ஒரு கரண்டியையே மூன்று தரம் கழுவுகிறவள். கஞ்சி பருக்கும்போது கிழவியின் தொண்டைக்குள் எழும் அந்தக் களக் களக் சத்தத்தை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அரைக் கோப்பையோடு எழும்பிவிடுவாள். மாமி வாயைத் திறந்தபடியே கிடப்பார்.

“இன்னும் கொஞ்சம் தா, பிள்ளை.”

“காணும் மாமி, போதும்.”

ஒவ்வொரு நாளும் இதுதான். ஆவணியில் மாமி செத்தபோது தூக்கினவர்கள் பாரமே இல்லை என்றார்கள்.

சாம்பலைக் கணவன் கனகலிங்கம் ஒரு பால்மாத் தகரப் பேணியில் அள்ளி வந்தான். அது வீட்டுக்குள் வரக்கூடாது என்பதால் வாயைத் துணியால் கட்டிக் கிணற்றடி வேம்பில் தொங்கவிட்டான். கரைக்கக் கீரிமலைக் கடலுக்குப் போக வழியில்லை. அந்தப் பக்கம் ஷெல் விழுகிறது. தண்ணீர் அள்ளப் போகும்போதெல்லாம் பேணி காற்றில் ஆடும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பத்தாம் நாள், அவன் வெளியே போயிருந்த நேரத்தில், அதை அவிழ்த்து ஜெனறேற்றர்க் கொட்டிலுக்குள் கொண்டுபோய்த் தட்டின் பின்பக்கம் தள்ளிவிட்டாள். கட்டியிருந்த துணியை விரல்நுனியால் உருவி எறிந்துவிட்டு, பேணியின் சொந்த மூடியைப் போட்டு மூடினாள். அவன் கேட்டபோது ஒரு பொய்யும் சொன்னாள். பண்டத்தரிப்பிலிருந்து தன் அண்ணை வந்தவர், திருவடிநிலைக் கடலில் கரைக்கக் கொண்டுபோய்விட்டார் என்று.

“நான் செய்திருக்கவேண்டியது,” என்று மட்டும் சொன்னான் அவன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அண்ணை வந்தால் உண்மையாகவே கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். அண்ணை இன்னும் வரவில்லை.

இந்த இரண்டு கிழமையாக வீட்டில் ஒரே பேச்சு, கொம்பியூட்டரின் மூளையான புறோசெசர்ச் சிப்பை மாற்றுவதா விடுவதா என்பது. கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடுகளை அவள் ரைப் அடித்துக் கொடுக்கிறாள். தமிழ் எழுத்தில் ஒரு பக்கம் திரையில் வந்து முடிவதற்குள் ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஜெனறேற்றர் மண்ணெண்ணெயைக் குடித்தது. இந்தப் பழைய 386-க்குப் பதிலாக வேகமான 486-ஐப் போட்டால் வேலை பாதி நேரத்தில் முடியும், எண்ணெயும் பாதிதான் போகும் என்று கொழும்பிலிருந்து ஒரு சிப்பைச் சோதனைக்குத் தப்பக் கொண்டைக்குள் செருகிக் கிளாலிக் கடலால் தோணியில் கொண்டுவந்து தந்தவள் கம்பஸ் பிள்ளை ஸ்ரெல்லா. புகையிலை வேரழுகல் பற்றி இருநூற்று நாற்பது பக்கம் அவளுடைய ஆய்வேடு. வெள்ளிக்கிழமை மறுபடி தோணி ஏறுகிறாள். அதற்குள் முடியாவிட்டால் அவளுக்குக் கிடைத்திருக்கும் வெளிநாட்டுப் படிப்பு கைவிட்டுப் போகும்.

கனகலிங்கம் அசையவில்லை. றேடியோ திருத்தின கை, பழசைத் தூக்கி எறிய மனம் வராது. ஐப்பசி பிறந்தபோது இந்த 386 சூடேறிச் சூடேறி நின்றது. அவன்தான் ஒரு அலுமினியத் தகட்டை வெட்டி, ஏதோ பசை தடவி, சிப்பின் மேல் ஒட்டினான். அன்றிலிருந்து ஒருநாளும் நிற்கவில்லை.

சண்டிலிப்பாயில் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு அவன் நனைந்தபடி உள்ளே வந்தான்.

“இஞ்சாருங்கோ, பெட்டி சுடுது.”

“மூண்டு நாளாப் போடேல்லை. எப்பிடிச் சுடும்?” அவன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். “சும்மா குளுகுளுவெண்டு கிடக்கு.”

“மணக்குது.”

“மழை மணம்.”

“எனக்கு உதைப் பிடிக்கேல்லை. புதுசைப் போடுவம்.”

“ஓடுறதை ஏன் கிண்டுவான், நாயகி? புதுசு இதைவிடச் சுடும். அதுக்கும் தகடு ஒட்டவேணும்.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தான். “பசை எண்டால் பிரச்சினை இல்லை. மிச்சம் கிடக்கு.”

“என்ன பசை? கடையிலை வருதோ?”

“எங்கை வருது. திருநீறையும் நல்லெண்ணெயையும் குழைச்சு வைக்கிறதுதான். இப்ப றேடியோவுக்கு எல்லாரும் அதுதானே செய்யினம். சூட்டை நல்லா இழுக்கும்.”

“சுவாமியறைத் திருநீறோ?”

“இல்லையப்பா. நீ கொட்டிலுக்கை எனக்கெண்டு வைச்ச பேணி. தட்டிலை பின்னுக்குக் கிடந்தது.” அவன் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான். “ஆனா கொஞ்சம் கரகரப்பு. வேட்டித் துணியிலை அரிச்செடுத்தனான்.”

சட்டியில் சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.  சொல்லிவிடலாம். ஒரு வசனம்தான். சொன்னால், பெற்ற தாயின் எலும்பைத் துணியில் அரித்தெடுத்துக் குழைத்தேன் என்று இந்த மனிதன் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பான். யார் பொய் சொன்னது என்பதையும் நினைப்பான். சொல்லாவிட்டால்? சிப்பை மாற்றினால் பழசு போய்விடும், பசையும் போய்விடும். பேணியை இன்றைக்கே எங்கேயாவது கொட்டிவிட்டு, சுவாமியறைத் திருநீறை அதற்குள் போட்டுவிடலாம். ஒருவருக்கும் தெரியவராது.

“மாத்துவம்,” என்றாள். “பாவம், அந்தப் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமைக்கு வேணும்.”

அவன் துவாயைத் தோளில் போட்டான். “சரி. நான் ஜெனறேற்றரைப் பாக்கிறன். நீ பழசைக் கழட்டி வடிவாத் துடைச்சு வை.”

துடைக்கச் சொன்னான். அவளை.

பெட்டி மூடியின் திருகாணிகளைக் கழற்றித் தூக்கியபோது அந்த மணம் முகத்தில் அடித்தது. யன்னல் வெளிச்சம் போதாமல் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்திக் கிட்டப் பிடித்தாள். அலுமினியத் தகட்டின் நான்கு பக்கத்தாலும் பசை பிதுங்கி வழிந்து, கஞ்சி காய்ந்த வாயோரம்போல வெடித்து, கீழே இருந்த பச்சைத் தகட்டின் மேல் மெல்லப் படர்ந்து, சின்னஞ்சிறிய வெள்ளிக் கால்களுக்கு இடையெல்லாம் புகுந்திருந்தது. நகத்தளவு வைத்தேன் என்றுதான் அவன் அன்றைக்குச் சொன்னான். இது ஒரு பிடி இருக்கும். அவள் பழைய சீலைத்துணி ஒன்றைக் கிழித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, துடைத்தாள்.

இளஞ்சூடு. துணியால் ஊறி விரலுக்கு வந்தது.

துணியை மடித்து மறுபடி துடைத்தாள். அடியில் ஈரம். இன்னொரு துணி. துடைத்த இடத்தில் மெல்ல மெல்ல மறுபடி கசிந்தது. மஞ்சள் கலந்த வெள்ளை. விரலிடுக்கில் ஏதோ இழுபட்டது. விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஒரு நரைமுடி, நீளமானது.

சாம்பலில் முடி இருக்காது.

விரலை உதறினாள். கண்ணை மூடிக்கொண்டு ஸ்குறூ ட்றைவரைச் சிப்பின் அடியில் விட்டு நெம்பினாள். விடவில்லை. இன்னும் நெம்பினாள். புண்ணில் ஒட்டிய துணியை உரிக்கும்போது வரும் சத்தத்தோடு அது கையோடு வந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு மூச்சு. அப்படித்தான் கேட்டது. இல்லை, மழைக் காற்று. யன்னல் திறந்துதான் கிடக்கிறது. சிப்பைத் துணியில் சுருட்டினாள். சிப் இருந்த குழியைத் துடைத்தாள், நகத்தால் சுரண்டினாள், கால் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் துணி முனையால் குத்தித் துடைத்தாள். ஏழு மாதத்தில் ஒருநாள்கூட மாமியை அவள் இவ்வளவு வடிவாகத் துடைத்ததில்லை.

கடைசியில் கசிவு நின்றது. சுத்தம். வெறும் குழி. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள்; குளிர்ந்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. புதுச் சிப் தன் வெள்ளித்தாளுக்குள் பத்திரமாக மேசையில் கிடந்தது. இனி அந்தப் பேணி மட்டும்தான்.

துணிகளை ஒரு பந்தாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். நடக்கும்போதுதான் அது மனதில் தட்டியது. ஜெனறேற்றர் சத்தம் இன்னும் கேட்கவில்லை. கிளப்புவதற்குப் பெற்றோல் நாலு சொட்டு விட்டுக் கயிற்றை இழுக்க இவ்வளவு நேரமா? இன்னொன்றும் தட்டியது. பசைக்கு ஒரு நகத்தளவு. பேணி நிறையச் சாம்பல் இருந்தது. நிறைந்த பேணிக்கு “மிச்சம் கிடக்கு” என்று ஏன் சொன்னான், மற்றது எங்கே போனது?

கொட்டில் இருட்டாக இருந்தது. கனகலிங்கம் வாசலுக்கு முதுகு காட்டி மண்ணெண்ணெய்க் கானின் மேல் குந்தியிருந்தான். மடியில் பேணி.

ஜெனறேற்றரை இழுக்கமுன் அவன் ஒவ்வொரு நாளும் திருநீறு பூசுவது அவளுக்குத் தெரியும். நெற்றியில் மூன்று குறியோடு உள்ளே வருவான். சுவாமியறைத் திருநீறு என்று நினைத்திருந்தாள். இப்போதும் மூன்று விரலால் நெற்றியில் இழுத்தான். பிறகு, எல்லாரும் செய்வதுபோல, ஒரு சிட்டிகை எடுத்து, தலையை அண்ணாந்து, நாக்கில் போட்டுக்கொண்டான்.

இன்னொரு சிட்டிகை.

பிறகு சிட்டிகை இல்லை. உள்ளங்கை நிறைய.

பல்லில் நெருநெருவென்று அரைபட்டது. விழுங்கினான். தொண்டைக்குள் களக் களக் என்றது. அந்தச் சத்தம்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் அவள். “அது திருநீறில்லை. இஞ்சாருங்கோ. அது…”

அவன் பேணியைக் கவிழ்த்து அடியில் தட்டினான். வெறும் பேணிச் சத்தம் வந்தது. விரலை உள்ளே விட்டு வழித்து, நக்கினான். பிறகு மெதுவாகத் திரும்பினான். வாயோரம் இரண்டிலும் வெள்ளை காய்ந்து வெடித்திருந்தது. கண்கள் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த துணிப்பந்தைப் பார்த்தன. அதிலிருந்து இளஞ்சூடாக ஏதோ அவளுடைய மணிக்கட்டால் வழிந்துகொண்டிருந்தது.

பதினாறு வருடத்தில் அவன் அவளை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“இன்னும் கொஞ்சம் தா, பிள்ளை,” என்று சொல்லிவிட்டு, வாயைத் திறந்தபடியே காத்திருந்தான்.