மேஜையில் இரண்டு தட்டு

வாலுவின் அக்கா போன் செய்து, அவன் புத்தகங்களை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னபோது, சரி என்று சொல்லிவிட்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளினேன். நாலாவது ஞாயிறு வேறு வழியில்லாமல் போனேன். மதியம் மூன்று மணி, மண்டையைப் பிளக்கும் வெயில். பேய் வருகிற நேரமா அது?

வாலு என்றால் வால்வெள்ளி. எங்கள் கூட்டத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ஆண்களை நேசிக்கும் ஆண்கள் ஏழு பேர், விண்கலமும் மாயக்காடும் வருகிற கதைகளாக எழுதித் தள்ளி, மாதம் ஒரு ஞாயிறு அவனுடைய மாடி அறையில் கூடி வாசிப்போம். வெளியே தெரிந்தால் சிலருக்கு வேலை போகும், சிலருக்கு வீடே போகும். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் என்பதால் எனக்கு வைத்த பெயர் 'திருத்தம்'. வாலு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிறவன். குளித்துவிட்டு வந்தாலும் அவன் மேல் ஸ்பிரிட் வாசனை அடிக்கும்.

எங்களுக்கு இரண்டே விதிகள். இரண்டும் வாலு போட்டவை. கதை முடியும்போது நம் ஆள் சாகக்கூடாது. ஊரார் எழுதுகிற கதையில் எப்படியும் சாகத்தான் போகிறான், நம்மிடமாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்பான். இன்னொன்று, வாசிக்கும்போது ஒரு வரி பொய்யாகப் பட்டால் கேட்பவர் மேஜையை இரண்டு முறை தட்டலாம். வாசிப்பவர் நிறுத்தி, அந்த இடத்தை உண்மையாக்கிச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

"கதையில டிராகன் வரலாம்டா, பொய் வரக்கூடாது" என்பான் வாலு. நடுவிரலை மடக்கி, முட்டியால் தட்டுவான். என்னைத்தான் அதிகம் தட்டியிருக்கிறான்.

அவன் எழுதியதிலேயே நல்ல கதையை நான்தான் ஒரு பதிப்பகத்தின் தொகுப்பில் சேர்த்துவிட்டேன். விண்கலத்தில் இரண்டு மாலுமிகள். நாற்பது வருடம் அலைந்து, கடைசியில் வீடு திரும்பி, ஒரே அடுப்பில் தண்ணீர் வைக்கிறார்கள். அவன் எழுதியது அப்படி. புத்தகத்தில் வந்தது வேறு. அதில் ஒருவன் கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறான்.

கொன்றது என் பேனா.

பதிப்பாளர் கட்டாயப்படுத்தினார் என்று கூட்டத்தில் எல்லோரிடமும் சொன்னேன். புத்தகம் வந்தபோது வாலு ஆஸ்பத்திரியில் படுக்கையில் கிடந்தான், இந்த முறை நோயாளியாக. பத்தொன்பது நாள் கிடந்தான். நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? இருபதாம் நாள் போய்விட்டான்.

அக்கா கீழே தைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் மாடிச் சாவியைக் கொடுத்தார். கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த அறையின் புழுக்கம் முகத்தில் அறைந்தது. அதற்குள்ளே, லேசாக, ஸ்பிரிட் வாசனை.

துணிமணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன். துணி ஒன்றுகூட இல்லை.

மேஜை மேல் அந்தத் தொகுப்பு இருந்தது. கடைசிப் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு நூல். கீழே தையல் இயந்திரத்தின் கடகடப்பு நின்றது. அக்கா மேலே ஏறி வந்து, எனக்கு எதிரில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில இதத்தான் படிச்சிக்கிட்டிருந்தான், கடைசிப் பக்கத்த என்னையும் படிக்க விடலை. நீங்க வந்து வாசிக்கணும்னு வச்சிருந்தான். வாசிங்க தம்பி."

வாசித்தேன். மாலுமி கண்ணை மூடுகிற வரி வந்தது.

டக். டக்.

அக்காவின் கைகள் மடியில்தான் இருந்தன. என் கைகளில் புத்தகம். சத்தம் வந்தது மேஜையின் அந்தக் கோடியிலிருந்து, வாலு உட்காருகிற பக்கத்திலிருந்து.

அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிறுத்தி, மறுபடி சொல்லணும்ல? கீழ உக்காந்து எத்தனை வருஷமா கேட்டிருக்கேன்."

அவன் இப்படி எழுதவில்லை, இரண்டு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று சொன்னேன். பதிப்பாளர் சொல்லித்தான் மாற்றினேன் என்றேன்.

டக். டக்.

ஒருவரும் சொல்லவில்லை என்றேன். தொகுத்தவன் என்று என் பெயர் போட்டு வந்த முதல் புத்தகம் அது. என் அண்ணன் பத்துப் பிரதி வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுப்பான். அவர்கள் அந்த முடிவைப் படித்துவிட்டு என்னைப் பார்ப்பார்களே என்று நடுங்கிப்போய் நானே மாற்றினேன்.

மேஜை சும்மா இருந்தது.

"ஏன் தம்பி பாக்க வரலை?"

அச்சகத்தில் தலைக்கு மேல் வேலை என்றேன்.

டக். டக்.

இந்த முறை என் பக்கத்தில். மேஜைப் பலகை முழங்கையில் அதிர்ந்தது.

"பயந்துட்டேன்க்கா."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், மெதுவாக, "அவன் உங்களுக்கு யாரு?" என்று கேட்டார்.

"ஃப்ரெண்டு."

சத்தமில்லை. அப்பாடா என்று மூச்சை விட்டேன்.

டக்.

டக்.

மடக்கிய விரல் முட்டி. சில்லென்று. என் புறங்கை மேலேயே.

"அவன்தான்க்கா எனக்கு எல்லாம்." புத்தகத்தை மூடி வைத்தேன். "ஒரு நாள்கூட அவன்கிட்ட சொன்னதில்ல."

ஸ்பிரிட் வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவனுக்குத் தெரியும். ஆனா நீங்க வாயால சொல்லுவீங்கன்னு கதவையே பாத்துக்கிட்டுக் கிடந்தான்."

புத்தகங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், கணக்கு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

நேற்றுக் காலை அச்சகத்துக்குப் புதிதாக வந்த பைண்டர், என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடித்தபடி, வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். வழக்கமாகச் சொல்கிற பதில்தான்.

"யாருமில்ல. நான் ஒருத்தன்தான்."

டக். டக்.

பைண்டர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.