உருளைக்கிழங்கு அறையில் ஒரு குரல்

தோண்டிய மண்ணிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது.

எலும்புக் கை. விரலில் திருமண மோதிரம்...

பின்லாந்தின் ஏரிக்கரைப் பண்ணை ஒன்றில், உருளைக்கிழங்கு சேமிக்கும் நிலவறை. புதிய உரிமையாளர் தரையைத் தோண்டியதில் வெளிப்பட்டவள் வென்லா. இருபத்தொரு வருடங்களுக்கு முன் ‘ஓடிப்போனவள்’.

அவள் கணவன் தௌனோ காவல் நிலையத்தில் நிதானமாகக் காபியைக் கலக்கினான்.

“நான்தான். சண்டையில தள்ளினேன், விழுந்துட்டா. பயந்து புதைச்சிட்டேன்.”

இன்ஸ்பெக்டர் ராக்கேல் முறைத்தாள்.

“கோபத்துல செஞ்ச கொலைன்னா வழக்குப் போட இருபது வருஷம்தான் கெடு. முடிஞ்சிடுச்சு. அந்தத் தைரியமா?”

“சட்டத்தை நானா எழுதினேன், மேடம்?”

“திட்டம் போட்டுச் செஞ்சிருந்தா கெடுவே கிடையாது.”

“நிரூபிங்க.”

ராக்கேல் ஒரு சி.டி. டிஸ்க்கை மேஜையில் வைத்தாள். வெளிறிப்போன டிஸ்க்.

“நீங்க இன்னொருத்திகிட்ட ஃபோன்ல பேசினதை வென்லா பதிவு பண்ணி ரெண்டு டிஸ்க்ல வெச்சிருந்தா. அவ தங்கச்சி சொன்னா. இது பண்ணை செர்ரி மரத்துல தொங்கிச்சு.”

“பறவை விரட்ட ஊரே கட்டுது. நானும் கட்டினேன்.” சிரித்தான். “வெயில்ல செத்திருக்குமே... ரெண்டா?”

“இன்னொண்ணு அவ கோட்டுப் பையில.”

கரண்டி நின்றது. பிறகு மறுபடி சுற்றியது.

“வீட்டுல எழுதின டிஸ்க், மேடம். அலமாரியில வெச்ச என் மீன்பிடிப் போட்டி வீடியோ டிஸ்க்கே பத்து வருஷம் தாங்கல. மண்ணுக்குள்ள கிடந்ததா பேசப்போகுது?”

தொலைபேசி அலறியது.

தடயவியல் நிபுணர் இல்போ. ராக்கேல் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“இத்தனை வருஷம் தாங்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது, ராக்கேல். மட்டமான டிஸ்க்னா அஞ்சு வருஷத்துலயே போயிடும்.”

தௌனோ நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

“ஆனா இது நல்ல ரகம். மூடின டப்பா, ரப்பர் மழைக்கோட்டு. வெளிச்சம் இல்ல, சூடு இல்ல, ஈரம் ஏறல. ஓரத்துல கொஞ்சம் போச்சு... மீதியைக் கேளு.”

கரகரப்பு.

அப்புறம் ஓர் இளம் ஆண் குரல்.

“...நடுக்கோடைத் திருவிழா அன்னைக்கு ஊரே போதையில கிடக்கும். நிலவறையில குழி தோண்டி வெச்சிட்டேன். இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கோ, கண்ணே...”

தௌனோவின் காபி ஆறிப்போயிருந்தது.

ராக்கேல் கைவிலங்கை எடுத்தாள்.

“ஒண்ணை வெயில்ல தொங்கவிட்டுக் கொன்னே. இன்னொண்ணை இருட்டுல, குளிர்ல நீயே பத்திரமா புதைச்சு வெச்சே. எங்க ஆவணக் காப்பகத்துலகூட இவ்வளவு நல்ல இடம் இல்ல, தௌனோ. வேலைக்கு வந்துடு... சம்பளம் கிடையாது, தங்க ரூம் உண்டு.”