இடது காதோரம்

நீச்சல் சொல்லிக்கொடுப்பவள் இருமிக்கொண்டே, தம்பியின் தோளைப் பிடித்தபடி, தானே நடந்துதான் அந்த ஐ.சி.யு.வுக்குள் போனாள். நுரையீரலில் கிருமி. தொண்டையில் குழாய் இறக்கினார்கள். இயந்திரம் கொடுத்த மூச்சோடு உடம்பு மல்லுக்கட்டியதால், தூக்க மருந்தோடு தசைகளைத் தளர்த்தும் மருந்தும் ஏற்றினார்கள்.

விழித்தபோது ஒரே இருட்டு. இமைகளை மூடி ஒட்டியிருந்தார்கள். ஸ்பிரிட் வாடை. இயந்திரம் மூச்சைத் தள்ளும் சத்தம். விரலை அசைக்கப் பார்த்தாள். முடியவில்லை. தண்ணீருக்கடியில் எவ்வளவோ முறை மூச்சடக்கியிருக்கிறாள். காலை ஓர் உதை உதைத்தால் மேலே வந்துவிடலாம்.

இங்கே கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

"அக்கா." வலப்பக்கம் தம்பி. அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். "நீ இவ்வளவு நேரம் வாயத் திறக்காம இருந்து நான் பார்த்ததே இல்ல. சீக்கிரம் எந்திரிச்சு என்னைத் திட்டு."

"பேசுங்க சார்," கால்மாட்டிலிருந்து செவிலி சொன்னாள். "ஆனா அவங்களுக்கு ஒண்ணும் கேக்காது. நல்ல தூக்கம்."

கேக்குதுடா, என்று உள்ளுக்குள் அலறினாள்.

அப்போது அவளுடைய இடது கையை யாரோ பிடித்தார்கள்.

சில்லென்ற கை.

"கத்தாத," இடது காதோரம் ஒரு பெண்குரல் கிசுகிசுத்தது. "நானும் கத்திப் பார்த்தேன். யாருக்கும் கேக்கல."

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டான். எழுந்தான்.

"அவன் போகட்டும். நாம பேசலாம்."

போகாதடா. போகாத.

"அப்புறம் வரேன்க்கா." செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அந்தச் சில்லிட்ட கை மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, கழுத்துவரை நிதானமாக ஏறி வந்தது. இயந்திரம் அதே தாளத்தில் மூச்சைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"டாக்டர், கொஞ்சம் வாங்க," செவிலியின் குரல். "நாடி எகிறுது. கண்ணுல தண்ணி வழியுது. இவங்க முழிச்சிருக்காங்க."

பிறகு தூக்கம் வந்து மூடிக்கொண்டது.

தொண்டைக் குழாயை எடுத்து, பேச்சு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். செவிலி தலை குனிந்து கேட்டாள். "தூக்க மருந்துக் குழாய் கட்டில் கம்பியில மடங்கிக்கிச்சும்மா. தசை மருந்து மட்டும் இறங்கியிருக்கு. நாங்க பார்த்திருக்கணும்."

"இடப்பக்கம் இருந்தது யாரு சிஸ்டர்?"

போர்வையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அந்தப் பக்கம் சுவரும்மா. கட்டிலைச் சுவரோட ஒட்டித்தான் போட்டிருந்தோம். ஆள் நிக்க இடமே இல்ல."

வீட்டுக்குப் போகும் நாளில், ஐ.சி.யு.வுக்கு அப்பால் இருந்த அறையில் மூச்சு அளக்கும் சோதனை முடிந்ததும், தம்பி அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து ஐ.சி.யு. வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் படுத்திருந்த கட்டிலில் இப்போது ஓர் இளைஞன். இமைகள் ஒட்டியிருந்தன. தொண்டையில் குழாய். செவிலி மருந்து ஊசியை மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள்.

சுவரோரமிருந்து அந்தக் குரல், தாலாட்டுவது போல, அவனிடம் பேசத் தொடங்கியது.

செவிலி திரும்பவில்லை. தம்பி திரும்பவில்லை.

அந்தப் பையன் முழிச்சிருக்கான், அவனைப் பாருங்க என்று சொல்ல நினைத்தாள்.

உதடு பிரியவில்லை. கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள். அது மடியிலேயே கிடந்தது.

"காத்து வாங்கிக்கிட்டே மெதுவா போகலாம்க்கா," என்றபடி தம்பி கதவைத் தள்ளித் திறந்தான்.